வண்டிக்காரர் தாஷ்தான் விட்டுவந்த இரண்டு பெட்டைக் குதிரைகள்

ஒரோசாலிக்கு அந்த விருந்தில் முன்னங்கால் எலும்பு வந்தது.

எழுபத்தெட்டு வயதுக்காரனுக்கு இடுப்பெலும்பு வர வேண்டும். நம் கிர்கிஸ் மலையூர் கோக்-ஜாரில் மூக்கு ஒழுகும் பிள்ளைக்குக்கூட இது தெரியும். ஆட்டுத் தலை யாருக்கு, இடுப்பு யாருக்கு, முன்னங்கால் யாருக்கு என்று தட்டில் பிரித்து வைக்கும்போதே ஊரில் எவன் எங்கே நிற்கிறான் என்பது தெரிந்துவிடும். வாய் திறந்து வைய வேண்டியதில்லை. எலும்பே வைதுவிடும்.

கறியைப் பிரித்தவன் சாதிர். ஒரோசாலி பிறந்த வருஷமே பிறந்தவன், ஒரே பள்ளிக்கூடத்திலிருந்து ஒரே நாளில் அவரோடு ஓடிவந்தவன். இப்போது ஊரில் போர் நினைவுச் சுவர் கட்டும் கமிட்டிக்குத் தலைவன். தலைவனானதும் சிலருக்கு முதுகு நிமிரும். சாதிருக்குக் கழுத்தே நீண்டுவிட்டது.

"என்னடா சாதிர், கை தவறிடுச்சா, இல்ல கண்ணு போயிடுச்சா?" என்றார் ஒரோசாலி, எலும்பைத் தூக்கிக் காட்டி.

"கையும் நல்லாருக்கு, கண்ணும் நல்லாருக்கு. உங்கப்பா பேருதான் நல்லால்ல."

சாதிர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். ராணுவக் காப்பகத்திலிருந்து வந்த தாள். போருக்குப் போன, சுவரில் பெயர் செதுக்க வேண்டிய நாற்பத்து நாலு பேரைப் பற்றியும் எழுதிக் கேட்டிருந்தார்கள். நாற்பத்து மூன்று பேருக்கு நல்லபடி வந்தது. நாற்பத்து நாலாவது ஆள் ஒரோசாலியின் தகப்பனார் தாஷ்தான். சாதிர் தன் பேத்தியைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி படிக்கச் சொன்னான். குதிரை வண்டி ஓட்டுபவர். 1945 ஆகஸ்டில், ராணுவத்துக்குச் சொந்தமான இரண்டு பெட்டைக் குதிரைகளையும் ஒரு மேலங்கியையும் இழந்த குற்றத்துக்காக ஓராண்டு சிறை. பதக்கம் திரும்பப் பெறப்பட்டது.

"இழந்தாராம்!" என்றான் சாதிர். "தொலையறதுக்குக் குதிரை என்ன ஊசியா? வித்துத் தின்னிருக்காரு. மேலங்கியைக்கூட விட்டு வைக்கல. இந்தப் பேரை எங்க சித்தப்பா பேருக்குக் கீழ செதுக்கச் சொல்றியா?"

கூடாரத்துக்குள் நாற்பது பேர் இருந்தார்கள். ஒருவரும் மெல்லவில்லை.

ஒரோசாலி பதிலுக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. ஊரே ஆச்சரியப்பட்டது, அவர் வாய்க்கு ஓநாயே வழிவிடும் என்பார்கள். அவர் பேசாததற்குக் காரணம், அவருக்குப் பதில் தெரியாது. அப்பா போரைப் பற்றிப் பேசியதே இல்லை. ஒரே ஒரு தடவை, பதினைந்து வயதில் இவர், பதக்கம் ஏன் இல்லை என்று கேட்டதற்கு, "ரெண்டு குதிரையைத் தேவைப்பட்ட இடத்துல விட்டுட்டு வந்தேன்" என்று சொல்லிவிட்டு சேணத்தை இறுக்கப் போய்விட்டார். கொடுத்தவனும் அப்படிச் சொல்லலாம், விற்றவனும் அப்படிச் சொல்லலாம். அதற்குப் பிறகு நாலு வருஷத்தில் அவர் இறந்து போனார்.

உலகத்தில் யாரையும் நம்பாதவர் ஒரோசாலி. கடைக்காரனின் தராசை நம்பமாட்டார், டாக்டரின் மாத்திரையை நம்பமாட்டார், வானொலியில் சொல்லும் மழையை நம்பமாட்டார். ஆனால் அறுபது வருஷமாக அவர் யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு: தன் தகப்பனையும் அவர் முழுசாக நம்பியதில்லை.

*

மே மாதம் மகள் ஜிபார் பிஷ்கெக்கிலிருந்து போன் செய்தாள். அவள் பஸ் டிப்போவில் எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று உத்தரவு போடுகிறவள். வீட்டிலும் அதே குரல்தான்.

"அப்பா, ஒரு படம் அனுப்பிருக்கேன், பாருங்க. ஸ்லோவாக்கியாவுல யெட்லோவெட்ஸ்னு ஒரு ஊரு. போர் முடிஞ்ச வருஷம் அங்க இருந்த தாஷ்தான்னு ஒரு கிர்கிஸ்காரரோட குடும்பத்தைத் தேடறாங்களாம். ஒரு விழாவுக்கு வரச் சொல்றாங்க."

வீட்டிலிருந்த தன் பேத்தியின் போனில் அந்தப் படம் தீப்பெட்டி அளவில் தெரிந்தது. ஒரு குதிரையின் பின்பக்கம், ஒரு மனிதனின் முதுகு. இரண்டில் எதை வைத்தும் ஆளைச் சொல்ல முடியாது.

"ஏமாத்துக்காரனுங்க," என்றார்.

"எதுக்கு உங்களை ஏமாத்தணும்? உங்ககிட்ட என்ன இருக்கு?"

"எம்பது வருஷம் கழிச்சு ஒருத்தன் தேடி வர்றான்னா, ஒண்ணு கொடுக்க வருவான், இல்ல கேட்க வருவான். கொடுக்கறவன் எம்பது வருஷம் காத்திருக்க மாட்டான். அந்த ரெண்டு பெட்டைக் குதிரை அவனுங்களுதாத்தான் இருக்கும். அதுங்க இந்நேரம் போட்டிருக்க வேண்டிய குட்டிங்களையெல்லாம் சேர்த்துக் கேட்டா நம்ம மலையே பத்தாது."

"அப்ப போக வேணாம்னு சொல்லிடவா?"

சாதிரின் தாள் சொன்னது பாதி. மீதிப் பாதி அந்த ஊரில் கிடக்கிறது. அப்பா திருடன் என்றால், அதைச் சாதிர் கண்டுபிடிக்கும் முன் தான் தெரிந்துகொள்வது நல்லது. திருடன் இல்லை என்றால்... அந்தப் பக்கம் அவர் மனசு போகப் பயந்தது.

"டிக்கெட் எடு," என்றார். "ஜன்னல் சீட்டு வேணாம். கீழ பாக்கறதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல."

*

யெட்லோவெட்ஸ் மலையடிவாரத்து ஊர். பைன் மரம், சிவப்புக் கூரை, பாலத்துக்கு அடியில் சத்தம் போடும் தண்ணீர். மலை நம்முடையதில் பாதி உயரம்கூட இல்லை, பனியும் இல்லை. ஒரோசாலி அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "குன்று" என்று சொல்லி முடித்துவிட்டார்.

பஸ் நின்ற இடத்தில் மேயர் மிலோஷ் ரொட்டியும் உப்பும் வைத்த தட்டோடு நின்றார். ஐம்பது வயதிருக்கும், எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவர். பள்ளிக்கூடத்தில் கற்ற ரஷ்யமொழி அவரிடம் பாதி மிச்சமிருந்தது. ஒரோசாலியிடம் பட்டாளத்தில் கற்றது முக்கால்வாசி இருந்தது. இரண்டையும் சேர்த்தால் ஒரு பேச்சுக்குப் போதும். வந்தவனுக்கு முதலில் ரொட்டி கொடுப்பது நம் பழக்கம். அதை இவர்களும் வைத்திருக்கிறார்களே என்று ஒரோசாலிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. இருந்தாலும் ஒரு துண்டைப் பிட்டு, மேயர் முதலில் தின்னட்டும் என்று காத்திருந்து, பிறகுதான் வாயில் போட்டார்.

"நாளைக்கு விழா, ஐயா," என்றார் மேயர். "இன்னைக்கு ஒருத்தரைப் பார்க்கப் போறோம். உங்களைத் தேடச் சொன்னதே அவங்கதான்."

ஊருக்கு மேலே ஒரு பழைய கட்டடம். முன்பு நுரையீரல் நோய்க்காரர்களின் ஆஸ்பத்திரி. இப்போது பணக்காரர்கள் வந்து வெந்நீரில் உட்காருகிறார்கள். அதில் ஓர் அறையை மட்டும் பழைய சாமான்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அறை நடுவே நாற்காலியில், கைத்தடியை மடிமேல் குறுக்கே வைத்துக்கொண்டு ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். குறுகிய உடம்பு, கூரான கண். பெயர் தெரேசியா, வயது எண்பத்தாறு.

"நீதான் மவனா?" என்றாள் எடுத்த எடுப்பில். ரஷ்யமொழி அவளுக்கு மேயரைவிட நன்றாக வந்தது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிக் கொடுத்தவளாம். "எங்க, திரும்பு. உன் முதுகைப் பார்க்கணும்."

"முதுகையா?"

"அவரு மூஞ்சி எனக்கு மறந்து போச்சு, தம்பி. முதுகுதான் ஞாபகம் இருக்கு. எப்பவும் குதிரைக்கு அடியிலேயேதானே உட்கார்ந்திருப்பாரு."

"அப்பனை அடையாளம் காட்ட வந்தது நான். நீங்க என்னைச் சந்தைக்கு வந்த மாடு மாதிரி திருப்பிப் பாக்கறீங்களே, அக்கா!"

கிழவி வாய்விட்டுச் சிரித்தாள். ஒரோசாலிக்கு அவளை உடனே பிடித்துவிட்டது. அதனால் இன்னும் ஜாக்கிரதையானார்.

"படத்தைக் காட்டுங்க," என்றார்.

சுவரில் அந்தப் படம் ஆள் உயரத்துக்கு மாட்டியிருந்தது. ஒரு கொழுத்த பெட்டைக் குதிரை, அதன் தோள் பக்கம் கயிற்றில் பிடித்த குட்டி, பின்னால் கிண்ணத்தோடு வரிசையாக நிற்கும் எலும்புக்கூடு மாதிரிக் குழந்தைகள். குதிரையின் வயிற்றடியில் முழங்காலிட்டு, தலையை அதன் விலாவில் சாய்த்து, வாளியைத் தொடைமேல் வைத்துப் பால் கறக்கும் ஒரு மனிதன். முகம் தெரியவில்லை.

ஒரோசாலி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அருகில் போனார். முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது.

"இது தப்பா மாட்டிருக்கு. படத்தைக் கண்ணாடியில பாக்கற மாதிரி திருப்பிட்டீங்க. குதிரையை எவன் வலது பக்கம் உட்கார்ந்து கறப்பான்? இடது பக்கம்தான்..."

சொல்லி முடிக்கவில்லை. மேயர், "இல்ல ஐயா, பின்னாடி வாசல் மேல பேர்ப்பலகை தெரியுது பாருங்க, எழுத்து நேராத்தான் இருக்கு," என்றார்.

ஒரோசாலியின் கை கல்பாக் தொப்பிக்குப் போய், அதைக் கழற்றி, மறுபடி தலையில் வைத்தது. உலகம் முழுக்கக் குதிரையிடம் இடது பக்கமாகத்தான் போவார்கள். ஊரில் ஒரே ஒருவர்தான் வலது பக்கம் உட்காருவார். இடது முழங்காலில் இரும்புத் துண்டு ஏறி அது மடங்காது. வலது காலை மண்டியிட்டு, இடது காலை நீட்டித்தான் அவரால் உட்கார முடியும். அதற்காகவே தம் குதிரைகளை வலது பக்கம் பழக்கி வைத்திருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் அந்தக் குதிரைகளிடம் போய் உதை வாங்கிக்கொண்டு வந்து, அம்மாவிடம் சண்டை பிடிப்பார்கள்.

படத்தில் இடது கால் புல்லில் நீட்டிக் கிடந்தது.

"எங்கப்பாதான்," என்றார். ஜிபார் அவர் தோளைத் தொட வந்தாள். "தள்ளிப் போ, கண்ணாடியில தூசி," என்றார்.

பிறகு கிழவியின் எதிரே போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வந்த காரியத்தைக் கேட்டுவிட வேண்டும். சுற்றி வளைப்பது அவருக்கு வராது.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்க. அந்தக் குதிரைங்களை அவரு இங்க வித்தாரா?"

தெரேசியாவின் முகம் சுருங்கியது. "விக்கிறதா? யாருகிட்ட? இந்த ஊர்ல அப்ப ஒரு கோழியை வாங்கக்கூட எவன்கிட்டயும் ஒண்ணும் கிடையாது."

அவள் சொன்னாள். அந்த வருஷம் அவளுக்கு ஆறு வயது. இந்தக் கட்டடத்தில் முப்பத்தொரு குழந்தைகள் படுத்திருந்தார்கள். போகிற பட்டாளம் பாதி மாட்டைத் தின்றது, வருகிற பட்டாளம் மீதி மாட்டைத் தின்றது. மருந்து இல்லை, பால் இல்லை. டாக்டர் ஒருவர் இருந்தார். பால் கொடுங்கள், பால் கொடுங்கள் என்று சொல்வதைத் தவிர அவரால் ஒன்றும் முடியவில்லை.

"மேல புல்வெளியில ராணுவக் குதிரைங்க மேயும். அதுல ரெண்டு பெட்டை குட்டி போட்டிருந்துச்சு. ஊரே தினமும் அதைப் பார்த்துக்கிட்டுத்தான் போச்சு, வந்துச்சு. குதிரையில பால் இருக்குன்னு ஒருத்தருக்கும் தோணல, தம்பி. அதை மனுஷன் குடிக்கலாம்னு எங்களுக்கு யாரு சொன்னாங்க? ஒருநாள் காலையில இவரு வாளியோட உள்ள வந்தாரு. சிஸ்டர் அம்மா வாசனை பார்த்துட்டு, 'இது என்ன?'ன்னு கேட்டாங்க. இவரு வாயால சொல்லத் தெரியாம, குதிரை மாதிரி கனைச்சுக் காட்டினாரு!"

ஜிபார் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிஸ்டர் வாளியைத் தூக்கி வெளிய ஊத்திட்டாங்க. மறுநாளும் வந்தாரு. ஊத்தினாங்க. மூணாம் நாள் வந்து, அவங்க கண்ணு முன்னாடியே அரை வாளியைத் தானே குடிச்சுக் காட்டிட்டு, மீதியை வச்சிட்டுப் போனாரு. அன்னைக்குத்தான் எங்களுக்குக் கிடைச்சுது. அப்புறம் தினம் ஏழு தடவை கறப்பாரு. கொஞ்சத்தைப் பீப்பாயில போட்டுப் புளிக்க வைப்பாரு. அது நாக்கைக் கடிக்கும். ரெண்டு மாசத்துல நான் இந்தப் படியில தானா இறங்கினேன்."

"அப்புறம்?"

"ஆகஸ்டுல பட்டாளம் கிளம்பிச்சு. குதிரையெல்லாம் ஓட்டிக்கிட்டுப் போனாங்க. நாங்க ஜன்னல்ல நின்னு அழுதோம். அவருக்காக அழுதோம்னு பொய் சொல்ல மாட்டேன், பாலுக்காகத்தான். காலையில பார்த்தா, பின்பக்கத் தொழுவத்துல ரெண்டு குதிரையும் குட்டிங்களும் கட்டிக் கிடக்குது. சிஸ்டர் கறக்கப் போனா உதைக்குது. சுவத்துல அவரு மேலங்கி மாட்டியிருந்துச்சு. சிஸ்டர் அதைப் போட்டுக்கிட்டு, அவரு உட்கார்ற பக்கம் உட்கார்ந்தாங்க. நின்னுச்சு. அக்டோபர் வரைக்கும் அந்த மேலங்கியைப் போட்டுத்தான் கறந்தாங்க."

கைத்தடியால் அவள் மூலையைக் காட்டினாள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழைய சிப்பாய் மேலங்கி தொங்கியது. இடது தோளில், குதிரை தலையை உரசி உரசித் துணி தேய்ந்து பளபளத்தது.

ஒரோசாலி அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இரண்டு பெட்டைக் குதிரைகள். ஒரு மேலங்கி. சாதிரின் தாளில் கணக்குச் சரியாகத்தான் இருந்தது. எங்கே போனது என்பதைத்தான் எழுதவில்லை.

"இதுக்கு அவருக்கு ஒரு வருஷம் ஜெயிலு, அக்கா," என்றார். "பதக்கத்தையும் புடுங்கிட்டாங்க. குதிரை எங்கன்னு கேட்டதுக்குத் தொலைஞ்சு போச்சுன்னு சொல்லியிருக்காரு. இங்க இருக்குன்னு சொன்னா வந்து ஓட்டிக்கிட்டுப் போயிடுவானுங்கல்ல."

கிழவியின் கைத்தடி மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"எங்களுக்குத் தெரியாது," என்றாள். "எம்பது வருஷமா, அவரு பெரிய ஆபீசர், ரெண்டு குதிரையை அன்பளிப்பாக் கொடுத்துட்டுப் போயிட்டாருன்னு நினைச்சுக்கிட்டிருக்கோம்."

அன்று ராத்திரி ஒரோசாலி வெகுநாளைக்குப் பிறகு குறட்டை விட்டுத் தூங்கினார் என்று ஜிபார் மறுநாள் புகார் சொன்னாள்.

*

காலையில் அந்தப் பழைய ஆஸ்பத்திரியின் வாசலில் முந்நூறு பேர் கூடியிருந்தார்கள். பிள்ளைகள் ஊதுகுழல் ஊதினார்கள். சுவரில் வெள்ளைத் துணி போர்த்திய கல். மேயர் ஏதோ நீளமாகப் பேசித் துணியை இழுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். ஒரோசாலிக்கு அந்த எழுத்து தெரியாது.

"என்ன போட்டிருக்கு?"

ஜிபார் ரஷ்யமொழிச் சாயலை வைத்துத் தயங்கித் தயங்கிப் படித்தாள். "ராணுவ மருத்துவர், கேப்டன், டாக்டர் தாஷ்தான், முப்பத்தொரு குழந்தைகளின் உயிரைக் காத்தவர்."

"யாரு?"

"தாத்தாதான், அப்பா. இங்க பிள்ளைங்கல்லாம் அவரை டாக்டர்னுதான் கூப்பிட்டாங்களாம். வெள்ளைத் துணியைக் கட்டிக்கிட்டுப் பால் கறப்பாராம். அப்படியே டாக்டராயிட்டாரு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "விட்டுடுங்க. டாக்டர்னு இருந்தா என்ன குறைஞ்சு போச்சு? ஒரு போட்டோ எடுத்து சாதிர் மாமா மூஞ்சியில அடிச்சா, அவரு வாயை ஜென்மத்துக்கும் திறக்க மாட்டாரு."

நியாயமான பேச்சுதான். கேப்டன், டாக்டர். ஊரில் ஒருவனுக்கும் அப்படி ஒரு தகப்பன் கிடையாது. சாதிரின் சித்தப்பாகூட வெறும் சார்ஜண்ட். ஒரோசாலிக்கு ஆசை வரவில்லை என்று சொன்னால் அது பொய். ஒரு மூச்சு விடும் நேரம் ஆசை வந்தது. பிறகு அந்த மேலங்கி ஞாபகத்துக்கு வந்தது.

"டாக்டருக்குப் பொறந்தவன் நான் இல்லையே," என்றார். "நன்றியெல்லாம் அந்த டாக்டர் வாங்கிக்கிட்டுப் போறான். ஜெயில்ல இருந்த வண்டிக்காரன் எங்க போவான்? அவன் இன்னும் குதிரைத் திருடனாவே நிக்கணுமா?"

மேயரிடம் நேரே போய் நின்றார். "கல்லை எடுங்க."

ஊதுகுழல் நின்றது.

"ஐயா... ஏதாச்சும் தப்பா?"

"எல்லாமே தப்பு. எங்கப்பா டாக்டர் இல்ல, கேப்டனும் இல்ல. வண்டிக்காரன். தன் பேரை எழுதத் தெரியாது. ஊர்ல குதிரை மேய்ச்சவரு."

மேயர் சுற்றியிருந்தவர்களைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சிரித்தார். "கோவிச்சுக்காதீங்க. குதிரையில பால் கறந்து நோயாளிக்குக் கொடுக்கறதுன்னா அது பெரிய வைத்தியம். சாதாரண வண்டிக்காரனுக்கு அது எப்படித் தெரியும்? எங்க ஆராய்ச்சிக்காரங்க எல்லாரும் சேர்ந்துதான்..."

"வைத்தியமா?" ஒரோசாலி ஜிபாரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "எங்க ஊர்ல இதைச் சொன்னா குதிரையே சிரிக்கும். கல்யாணமாகி வந்த மறுவாரமே எங்க பொண்ணுங்க கறக்கற பாலுய்யா அது! இங்க குட்டி போட்ட குதிரை ஏதாச்சும் இருக்கா?"

இருந்தது. வெந்நீரில் உட்கார வருகிறவர்களை ஏற்றிச் சுற்றுவதற்குப் பின்புறம் ஒரு லாயம் இருந்தது. அங்கே மூன்று மாதக் குட்டியோடு ஒரு செம்பழுப்புப் பெட்டை நின்றது. முந்நூறு பேரும் வேலியைச் சுற்றி நின்றார்கள். லாயக்காரன், "ஐயா, இதை ஒருத்தரும் கறந்ததில்ல, காலை உடைச்சிடும்," என்றான். ஜிபார், "அப்பா, உங்களுக்கு எழுபத்தெட்டு வயசு," என்றாள்.

"குதிரைக்கு அது தெரியாது. நீ சொல்லிடாத."

அவர் கோட்டைக் கழற்றிக் குதிரையின் மூக்கருகே பிடித்தார். அது முகர்ந்தது, காதைப் பின்னால் மடித்தது, மறுபடி முகர்ந்தது. "குர்ரே, குர்ரே" என்று தொண்டைக்குள்ளேயே சொல்லிக்கொண்டு, குட்டியை மடிக்கு விட்டார். அது நாலு வாய் இழுத்ததும் பால் இறங்கியது. குட்டியைப் பிரித்து, லாயக்காரனிடம் கொடுத்து, தாயின் தோளோடு ஒட்டிப் பிடிக்கச் சொன்னார். இடது பக்கம் மண்டியிட்டு, வாளியைத் தொடைமேல் வைத்து, ஒரு கையைப் பின்னங்காலைச் சுற்றிக் கொண்டுபோனார்.

முதல் உதையில் வாளி வேலியைத் தாண்டி ஊதுகுழல் பிள்ளைகளின் நடுவே போய் விழுந்தது. கூட்டம் பின்வாங்கியது. ஒரோசாலி இடத்தைவிட்டு அசையவில்லை.

"சரிதான், முன்ன பின்ன தெரியாதவன் கை வச்சா நானும் உதைப்பேன்," என்று குதிரையிடம் சொன்னார். "வாளியைக் கொண்டா, ஜிபார். குட்டியை மறுபடி விடு."

இரண்டாவது தடவை குதிரை காலைத் தூக்கியது, யோசித்தது, வைத்தது. வாளியில் சர், சர் என்று சத்தம் கேட்டது. அரை டம்ளர் பால் சேர்ந்ததும் எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வாளியைத் தெரேசியாவிடம் கொண்டுபோனார்.

கிழவி வாளியோடு தூக்கிக் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"புளிப்பு இல்ல," என்றாள்.

"குடத்துல ஒரு ராத்திரி கிடந்தாத்தானே புளிக்கும், அக்கா! பொறுமை வேணாமா?"

சிரிப்பு அலை மாதிரி எழுந்து அடங்கியது. ஒரோசாலி மேயர் பக்கம் திரும்பினார். "நான் டாக்டரா?"

"இல்ல, ஐயா," என்றார் மேயர். அவர் முகத்தில் இப்போது சிரிப்பில்லை. தொப்பியைக் கையில் வைத்திருந்தார். "என்ன எழுதணும்னு சொல்லுங்க. எழுதிடறோம்."

"வண்டிக்காரன்னு எழுதுங்க. ராணுவத்தோட ரெண்டு குதிரையை இந்தப் பிள்ளைங்களுக்கு விட்டுட்டுப் போனான்னு எழுதுங்க. அதுக்கு ஒரு வருஷம் ஜெயில்ல இருந்தான்னும் எழுதுங்க."

மேயர் தலையைச் சொறிந்தார். "ஜெயில் வேணாமே, ஐயா. பிள்ளைங்க படிக்கற இடம். அவருக்குத்தானே கௌரவக் குறைவு?"

"குதிரை அவருதில்ல, மேயரே. மேலங்கியும் அவருதில்ல. அவரு கையிலிருந்து கொடுத்தது அந்த ஒரு வருஷம்தான். அதை விட்டுட்டு வேற எதை எழுதப் போறீங்க?"

தெரேசியாவின் கைத்தடி மேயரின் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டியது. "மிலோஷ், அவரு சொன்னபடி எழுதுடா. பள்ளிக்கூடத்துல ஒரு தடவை சொன்னா உனக்கு ஏறவே ஏறாது. இன்னும் அப்படியேதான் இருக்க."

*

கல்தச்சன் மூன்று நாள் எடுத்துக்கொண்டான். ஒரோசாலியும் ஜிபாரும் தெரேசியாவின் வீட்டில் தங்கினார்கள். அந்த மூன்று நாளும் ஒரோசாலி லாயத்துக்குப் போய், கறக்கக் கற்றுத் தருகிறேன் என்று வேலைக்கார ஆட்கள் நாலு பேரைத் திட்டித் தீர்த்தார். மூன்றாம் நாள் ஒருத்தி மட்டும் உதை வாங்காமல் கறந்தாள். "இவளைக் கல்யாணம் பண்ணிக்கக் கொடுத்து வச்சிருக்கணும்," என்று எல்லோர் எதிரிலும் சொல்லி அவளைச் சிவக்க வைத்தார்.

புதுக் கல்லைப் பொருத்தியதும் அவர் கூட்டத்தைக் கூட்டவில்லை. ஜிபாரைக் கல்லின் முன் நிறுத்தி, வார்த்தை வார்த்தையாகப் படித்துச் சொல்லச் சொன்னார். கேட்டுக்கொண்டார். பிறகு அவளைப் பாலம்வரை நடந்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார்.

"இது எதுக்கு?" என்றாள் தெரேசியா.

"நீங்க படிங்க இப்ப. ரெண்டும் ஒண்ணான்னு பார்க்கணும்."

"சொந்த மவளையே நம்ப மாட்டியா?"

"அவ என்னைச் சந்தோஷப்படுத்தறதுக்காக ஏதாச்சும் சேர்த்துப் படிப்பா. நீங்க அப்படிப்பட்ட ஆள் இல்ல."

கிழவி கைத்தடியை ஊன்றி நின்று, பள்ளிக்கூடத்துக் குரலில் படித்தாள்.

"வண்டிக்காரர் தாஷ்தான். 1945 கோடையில் பெட்டைக் குதிரைகளின் பாலைக் கறந்து இங்கிருந்த முப்பத்தொரு குழந்தைகளுக்குக் கொடுத்தார். போகும்போது ராணுவத்துக்குச் சொந்தமான இரண்டு குதிரைகளையும் தாம் அணிந்திருந்த மேலங்கியையும் விட்டுச் சென்றார். அதற்காக ஓராண்டு சிறையிலிருந்தார். எவரிடமும் சொல்லவில்லை."

"கடைசி வரி ஜிபார் சேர்த்துப் படிச்சதுன்னு நினைச்சேன். நான் சொல்லலையே."

"அது நான் சேர்த்தது."

ஒரோசாலி கல்லருகே போனார். கல்லின் மேல் கையை வைத்து, எழுத்து ஆழமாக இறங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். நன்றாக இறங்கியிருந்தது.

"இருக்கட்டும்," என்றார்.

ஜிபார் பாலத்திலிருந்து வந்தாள். கல்லின் பக்கத்தில் அப்பாவை நிற்க வைத்தாள். அவர் தொப்பியை நேராக்கி, நெஞ்சை நிமிர்த்தி, சிரிக்கச் சொன்னதற்குச் சிரிக்காமல் நின்றார். படம் எடுத்ததும், "சாதிர் மாமாவுக்கு அனுப்பவா? கீழ அர்த்தத்தையும் எழுதிடறேன்," என்றாள்.

"படத்தை மட்டும் அனுப்பு. அர்த்தம் நம்ம எழுதினா நம்ப மாட்டான். அவன் இடத்துல நான் இருந்தாலும் நம்ப மாட்டேன். எவனையாச்சும் தேடிப் பிடிச்சுப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கட்டும். ஊர் முன்னாடி, சத்தமா."

அனுப்பினாள். ஒரோசாலி தெரேசியாவின் கையைத் தோளில் போட்டுக்கொண்டு, படியில் அவளை இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார்.